பேருந்து யாருக்கு எட்டுகிறது? நகரப் போக்குவரத்தில் சமநீதியை அளக்கும் வழி

ஐ.நா.வின் நிலைத்த வளர்ச்சி இலக்குகளில் 11.2.1 என்றொரு குறியீடு உண்டு. வீட்டிலிருந்து 500 மீட்டருக்குள் பேருந்து நிறுத்தமோ, 1 கிலோமீட்டருக்குள் ரயில் நிலையமோ இருந்தால் அந்த ஆளுக்குப் பொதுப் போக்குவரத்து கிடைக்கிறது என்று அதில் கணக்கு. இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறார்கள். நிறுத்தங்களைச் சுற்றி வட்டம் போடுவது எளிது, படமும் அழகாக வரும். ஆனால் 5 நிமிடத்துக்கு ஒரு பேருந்து வரும் நிறுத்தத்துக்கும், ஒரு நாளைக்கு நான்கே பேருந்து எட்டிப்பார்க்கும் நிறுத்தத்துக்கும் இந்தக் கணக்கில் வேறுபாடு கிடையாது. அந்தப் பேருந்து எங்கே போகிறது, டிக்கெட் எவ்வளவு, படியேற முடியுமா என்பதும் கணக்கில் இல்லை.

இந்தக் கட்டுரை அதைத் தாண்டிப் போவதற்கானது. எடுத்துக்காட்டுக்குச் சென்னையை வைத்துக்கொள்வோம். குறிப்பாக, நகருக்குள் இருந்த குடியிருப்புகளிலிருந்து மக்கள் மாற்றிக் குடியமர்த்தப்பட்ட கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் ஆகிய மூன்று இடங்களையும். மூன்றும் பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் உள்ளவை. சென்ட்ரலிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டரும் அதற்கு மேலும். தேவையானவை: ஓரளவு வேகமான மடிக்கணினி, கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருள், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் சாலைத் தரவு, பயண நேரம் கணக்கிட ஆர்5 அல்லது ஓப்பன்டிரிப்பிளானர். அதோடு, நிறுத்தத்தில் போய் நிற்கக் கால்.

முதலில் யார், எங்கே, எவ்வளவு

கணினியைத் திறப்பதற்கு முன் ஒரு தாளில் மூன்று விஷயங்களை எழுதித் தேதி போட்டுவிடுங்கள். யாருடைய நிலையை யாரோடு ஒப்பிடுகிறோம்? எந்த இடங்களுக்குப் போவதை அளக்கிறோம்? எவ்வளவு இடைவெளி இருந்தால் அது அநியாயம் என்று சொல்வோம்?

மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். முடிவு வந்த பிறகு வரம்பைத் தீர்மானித்தால், எந்த முடிவையும் "பெரிய வேறுபாடு இல்லை" என்று எழுதிவிடலாம். அமெரிக்காவில் 1964 குடிமை உரிமைகள் சட்டத்தின் ஆறாவது பகுதிக்கான வழிகாட்டுதல்படி, பெரிய போக்குவரத்து நிறுவனங்கள் கட்டணத்தை மாற்றும்போதும், சேவையைப் பெரிதாக மாற்றும்போதும் அது சிறுபான்மையினரையும் ஏழைகளையும் எப்படிப் பாதிக்கிறது என்று ஆய்வு செய்தாக வேண்டும். எது 'பெரிய மாற்றம்', எத்தனை சதவீத வேறுபாடு 'பாதிப்பு' என்பதை நிறுவனமே முன்கூட்டி எழுத்தில் அறிவித்திருக்க வேண்டும். அந்த ஏற்பாட்டில் குறைகள் உண்டு. ஆனால் 'முன்கூட்டி' என்ற இந்த ஒரு நிபந்தனையை நாமும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். "குறைந்த வருமானக் குடியிருப்பிலிருந்து 60 நிமிடத்தில் எட்டும் அரசு மருத்துவமனைகள், நகரச் சராசரியில் முக்கால் பங்குக்குக் கீழே போனால் குறைபாடு என்போம்" என்ற அளவுக்குத் திட்டவட்டமாக இருக்கட்டும்.

குழுக்களைப் பிரிக்கும்போது வருமானத்தோடு நிறுத்த வேண்டாம். ஒரே வீட்டுக்குள்ளேயே ஆணின் பயணமும் பெண்ணின் பயணமும் வேறு. அவர் காலையில் போய் மாலையில் திரும்புவார். அவளோ பள்ளி, வேலை செய்யும் வீடு, ரேஷன் கடை, மருந்துக் கடை என்று கோத்துக்கொண்டு போவாள், அதுவும் பகல் 11 மணிக்கு. காலை நெரிசல் நேரத்தை மட்டும் அளக்கும் ஆய்வு அவளைப் பார்க்காது. குறைந்தது இவர்களைத் தனித்தனியாக எடுங்கள்: சொந்த வண்டி இல்லாத வீடுகள், பெண்கள், 60 வயது கடந்தவர்கள், மாற்றுத்திறனாளிகள், பட்டியல் சாதியினர் அதிகம் வாழும் பகுதிகள், மறுகுடியமர்வுப் பகுதிகள்.

மக்கள் கணக்கில் விழும் ஓட்டை

பிழைகளில் பெரும்பாலானவை சூத்திரத்தில் வருவதில்லை, இங்கே வருகின்றன.

இந்தியாவில் வார்டு அளவில் கிடைக்கும் முழுமையான தரவு 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புதான். பட்டியல் சாதியினர், எழுத்தறிவு, தொழிலாளர் விவரங்கள் அதன் முதன்மைச் சுருக்கத்தில் இருக்கும். சைக்கிள், இருசக்கர வண்டி, கார் உள்ள வீடுகளின் விகிதம் வீட்டுப் பட்டியல் தரவில் இருக்கும். சொந்த வண்டி இல்லாத வீடுகளைக் கண்டுபிடிக்க இந்த இரண்டாவதுதான் கைகொடுக்கும்.

சிக்கல் என்னவென்றால், அந்தக் கணக்கெடுப்பு நடந்தது 2011 பிப்ரவரியில். சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது அதே ஆண்டு அக்டோபரில். கணக்கெடுப்பில் இருப்பவை பழைய 155 வார்டுகள், இன்று இருப்பவை 200. எண் ஒன்றாக இருப்பதால் ஒன்றோடொன்றைப் பொருத்திவிட்டால் ராயபுரத்தின் மக்கள் வேறெங்கோ போய் உட்காருவார்கள். வார்டு எண்ணை நம்பாமல், பழைய எல்லை வரைபடத்தைப் புதியதன் மேல் வைத்துப் பரப்பு விகிதப்படி பிரியுங்கள். பள்ளிக்கரணை சதுப்பு நிலம், கிண்டி வனம் போன்ற ஆளில்லாப் பரப்பை முதலில் வெட்டி எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் சதுப்பு நிலத்துக்குள் ஆயிரக்கணக்கானவர்கள் குடியேறிவிடுவார்கள்.

இதைவிடப் பெரிய ஓட்டை, பெரும்பாக்கத்தின் அடுக்குமாடிகளுக்கு மக்கள் வந்ததே 2011-க்குப் பிறகுதான் என்பது. இடமும் மாநகராட்சி எல்லைக்கு வெளியே, ஊராட்சிப் பகுதி. ஆக, மாநகராட்சி எல்லையையும் 2011 கணக்கையும் மட்டும் வைத்துச் செய்யும் ஆய்வில், போக்குவரத்து மிகவும் தேவைப்படும் மக்கள் இல்லவே இல்லை. அவர்கள் இல்லாததால் நகரத்தின் மதிப்பெண் கூடும்! எல்லையை எப்போதும் பேருந்து போகிற தூரம் வரை நீட்டுங்கள். மறுகுடியமர்வுப் பகுதிகளுக்குக் கணக்கெடுப்பை விட்டுவிட்டு, நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் வீட்டு எண்ணிக்கையிலிருந்து தொடங்குங்கள். கட்டிய வீடுகள் × ஆள் குடியிருக்கும் விகிதம் × வீட்டுக்கு எத்தனை பேர். மூன்றாவது எண்ணுக்கு 4 என்று வைத்துக்கொண்டு தொடங்கலாம். இரண்டாவதை மட்டும் நேரில் பார்த்தே போட வேண்டும். மாலை 7 மணிக்கு விளக்கெரியும் வீடுகளை எண்ணினாலே ஓரளவு நம்பத்தக்க மதிப்பீடு கிடைக்கும்.

பிறகு வார்டை உடையுங்கள். வார்டுச் சராசரி பக்கத்துப் பக்கத்துத் தெருக்களின் வேறுபாட்டை மறைத்துவிடும். பெசன்ட் நகரின் மாடி வீடுகளும் ஊரூர் ஆல்காட் குப்பமும் கூப்பிடு தூரம், ஆனால் சராசரி போட்டால் இரண்டுமே காணாமல் போகும். நகரை 200 முதல் 250 மீட்டர் அளவுள்ள அறுகோணக் கட்டங்களாகப் பிரித்து, கட்டடங்களின் தரைப்பரப்பை வைத்து மக்களை அவற்றில் பகிருங்கள். கட்ட அளவை ஒருமுறை 500 மீட்டராக மாற்றியும் ஓட்டிப் பாருங்கள். கட்டத்தின் அளவை மாற்றியதும் முடிவு தலைகீழானால் அந்த முடிவை வெளியே சொல்லக் கூடாது.

சேவையை எண்ணுவது

அட்டவணைத் தரவுக்கு உலகெங்கும் பயன்படுவது ஜி.டி.எஃப்.எஸ். என்ற வடிவம். நிறுத்தங்கள், வழித்தடங்கள், நடைகள் (ஒரு பேருந்து வழித்தடத்தில் ஒருமுறை ஓடுவது ஒரு நடை), ஒவ்வொரு நடையும் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் வரும் நேரம், எந்தெந்த நாள் ஓடும் என்பவை தனித்தனிக் கோப்புகளாக இருக்கும். அப்படிக் கிடைக்காத ஊரில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டி, பணிமனை வாரியாக நடை அட்டவணை கேட்கலாம். 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். "பேருந்து விவரம் தருக" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். வழித்தட எண், பேருந்து வகை, புறப்படும் இடம், சேரும் இடம், ஒவ்வொரு நடையின் நேரம் என்று தனித்தனி நெடுவரிசையாகக் கேளுங்கள்.

கையில் வந்ததும் பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, கட் சர்வீஸ். வழித்தடம் காகிதத்தில் கடைசி நிறுத்தம் வரை இருக்கும், பாதி நடைகள் நடுவழியிலேயே திரும்பிவிடும். வழித்தடத்தை எண்ணினால் கடைசியில் இருப்பவருக்கும் அதே சேவை இருப்பதாகத் தெரியும். எண்ண வேண்டியது நடைகளை. ஒதுக்குப்புறக் குடியிருப்புகள் வழித்தடத்தின் வால் பகுதியில்தான் இருக்கும் என்பதால், இந்தப் பிழை எப்போதும் ஒரே பக்கம்தான் சாயும்.

இரண்டாவது, பேருந்து வகை. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

தமிழ்நாட்டில் 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமில்லாமல் போகலாம். பின்னர் திருநங்கைகளும், மாற்றுத்திறனாளிகளும் அவர்களுடன் வரும் ஒரு துணையாளும் சேர்க்கப்பட்டார்கள். சென்னையில் முகப்பில் பிங்க் நிறம் பூசிய பேருந்துகள் இவைதான். பேச்சு வழக்கில் வெள்ளை போர்டு. டீலக்ஸிலும் குளிர்சாதனப் பேருந்திலும் சலுகை கிடையாது. ஆக, காசு பார்க்கும் பெண்ணுக்கு நிறுத்தத்தில் வருகிற எல்லாப் பேருந்தும் பேருந்து அல்ல. மணிக்கு 12 பேருந்து வந்து அதில் 4 மட்டும் வெள்ளை போர்டாக இருந்தால், அவளுக்கு இடைவெளி 5 நிமிடம் இல்லை, 15 நிமிடம்.

எனவே ஒரே நகரத்துக்கு இரண்டு வலையமைப்புகளைச் செய்துகொள்ளுங்கள். ஒன்றில் எல்லாப் பேருந்தும் மெட்ரோவும் புறநகர் ரயிலும். மற்றதில் சாதாரணக் கட்டணப் பேருந்து மட்டும். அடுத்து வரும் கணக்கை இரண்டிலும் ஓட்டுங்கள். இரண்டு முடிவுகளுக்கும் நடுவே இருக்கும் நேரம்தான் இலவசப் பயணத்துக்கு அந்தப் பெண் கொடுக்கும் விலை. இலவசத் திட்டம் நல்லதா கெட்டதா என்று வாய்ச்சண்டை போடுவதைவிட, எந்தப் பகுதியில் அந்த விலை அதிகம், எங்கே இன்னும் நாலு வெள்ளை போர்டு விட்டால் அது குறையும் என்று இந்தக் கழித்தல் காட்டிக்கொடுக்கும். இந்த வழிமுறையில் ஒன்றே ஒன்றுக்குத்தான் உங்களுக்கு நேரம் இருக்கிறது என்றால், இதைச் செய்யுங்கள்.

எட்டும் தூரம்: மையமான அளவு

ஒரு கட்டத்திலிருந்து குறிப்பிட்ட நேரத்துக்குள் எத்தனை மருத்துவமனை, எத்தனை வேலை, எத்தனை கல்லூரி எட்டும் என்பதே சமநீதி அளவீட்டின் நடு எலும்பு. செய்முறை இப்படி:

1. இலக்குகளைக் குறியுங்கள். மருத்துவமனைகளில் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ராயப்பேட்டை, கீழ்ப்பாக்கம், ஸ்டான்லி போன்ற பெரியவை ஒரு பட்டியல். ஆரம்ப சுகாதார நிலையங்கள் வேறு பட்டியல். இரண்டையும் ஒரே தொகையாகக் கூட்டக் கூடாது.

2. நேர வரம்பாக 30, 45, 60, 90 நிமிடம் நான்கையும் எடுங்கள். 60 மட்டும் எடுத்தால், 61 நிமிடத்தில் இருக்கும் பெரிய மருத்துவமனை கணக்கிலிருந்தே விழுந்துவிடும்.

3. புறப்படும் நேரத்தை 8 மணி என்று ஒற்றைப் புள்ளியாக வைக்காதீர்கள். 7.30 முதல் 9.00 வரை ஒவ்வொரு நிமிடமும் புறப்பட்டதாகக் கணக்கிட்டு நடுமதிப்பை எடுங்கள். ஆர்5 இதைத் தானே செய்யும். மணிக்கு ஒரு பேருந்து உள்ள இடத்தில் 7.58-க்குப் புறப்பட்டால் 40 நிமிடம், 8.02-க்கு என்றால் 96 நிமிடம். அடிக்கடி பேருந்து வரும் இடத்தில் இந்த ஆட்டம் இருக்காது. இதே கணக்கைப் பகல் 11 முதல் 12.30 வரையும், இரவு 8.30 முதல் 10 வரை திரும்பி வரும் திசையிலும் ஓட்டுங்கள்.

4. நடை வேகம்: திடமானவருக்கு மணிக்கு 4.5 கிலோமீட்டர், முதியவருக்கும் கைக்குழந்தையோடு போகிறவருக்கும் 3. நேர்கோட்டு வட்டம் வேண்டாம், தெரு வழியாகவே அளக்க வேண்டும். நேராக 400 மீட்டர் என்பது சாதாரணத் தெரு அமைப்பில் 500 மீட்டரைத் தொடும். பக்கிங்ஹாம் கால்வாயோ ரயில் பாதையோ குறுக்கே வந்தால் பாலம் வரை சுற்ற வேண்டும். வட்டமோ கால்வாயை நீந்திக் கடந்துவிடும்.

5. கட்டம் ஒவ்வொன்றுக்கும் கிடைத்த எண்ணை அங்குள்ள மக்கள்தொகையால் எடையிட்டுக் குழுவாரியாகச் சராசரி எடுங்கள். கட்டங்களின் சாதாரணச் சராசரி எடுப்பது புதியவர்கள் தவறாமல் செய்யும் பிழை. அதில் காலி மனைக்கும் அடுக்குமாடிக்கும் ஒரே மதிப்பு.

வேலைவாய்ப்புத் தரவு எப்போதும் வில்லங்கம். பொருளாதாரக் கணக்கெடுப்பு கடைகளையும் நிறுவனங்களையும் எண்ணும். வீட்டுவேலை, கட்டட வேலை, தெரு வியாபாரம் அதில் சரியாகப் பிடிபடாது. அதை மட்டும் நம்பினால், தகவல் தொழில்நுட்பக் கட்டடங்கள் வரிசைகட்டி நிற்கும் சாலைக்குப் பக்கத்தில் இருப்பதால் கண்ணகி நகருக்கு வேலை ஏராளம் என்று கணினி சொல்லும். அங்கிருக்கும் பலர் தேடும் வேலை அதுவல்ல. மறுகுடியமர்வுப் பகுதிகளுக்கு, மக்கள் முன்பு வாழ்ந்த இடங்களையே தனி இலக்காகச் சேருங்கள். பழைய வேலை, பழைய வாடிக்கையாளர், உறவினர் எல்லாம் அங்கேதான் இருப்பார்கள்.

காசு

உலக வங்கி 2005-இல் முன்வைத்த எளிய குறியீடு ஒன்று உண்டு. மாதம் 60 பயணம், ஒவ்வொன்றும் 10 கிலோமீட்டர். அதற்கான கட்டணம் தலா வருமானத்தில் எத்தனை சதவீதம்? ஊர்களை ஒப்பிட இது போதும். ஊருக்குள் ஒப்பிட, உண்மையான பயணத்தையே போடுங்கள். சென்னை மெட்ரோவின் அதிகபட்சக் கட்டணம் 50 ரூபாய் என்பதை வைத்துப் பார்த்தால், 25 வேலை நாள், போக வர 50 பயணம், 2,500 ரூபாய். மாதம் 12,000 சம்பாதிப்பவருக்கு இது 21 சதவீதம். 60,000 சம்பாதிப்பவருக்கு 4 சதவீதம். நிலையம் வரை ஷேர் ஆட்டோவுக்குக் கொடுப்பதையும் சேர்க்க மறக்காதீர்கள், பல இடங்களில் அது டிக்கெட்டுக்கு இணையாக வந்துவிடும்.

ஒரு பொறி இருக்கிறது. வீட்டுச் செலவுக் கணக்கில் போக்குவரத்துக்குக் குறைவாகச் செலவிடும் வீட்டைப் பார்த்து, "கட்டணம் இவர்களுக்குக் கட்டுப்படியாகிறது" என்று எழுதுவார்கள். செலவு குறைந்ததே வெளியே போகாததால் இருக்கலாம். நடந்து போகிறவரின் செலவு பூஜ்யம்! ஆகவே, "கடந்த மாதம் காசு இல்லாமலோ வண்டி இல்லாமலோ போகாமல் விட்ட பயணம் எது?" என்ற கேள்வி களஆய்வில் கட்டாயம் இருக்க வேண்டும்.

படி, சரிவு, நடைபாதை

பேருந்தின் தரைத்தள உயரம் நம் நாட்டில் பொதுவாக 400, 650, 900 மில்லிமீட்டர் என்று மூன்று விதம். சக்கர நாற்காலியோடு தனியாக ஏற 400 மட்டும்தான் ஒத்துவரும். சென்னையில் நீண்ட நீதிமன்றப் போராட்டத்துக்குப் பிறகு 2024 ஆகஸ்டில் தாழ்தளப் பேருந்துகள் மறுபடி ஓடத் தொடங்கின. தரவில் இந்த நடைகளை மட்டும் வடிகட்டி மூன்றாவது வலையமைப்பாக ஓட்டலாம்.

அதோடு போதாது. நடைபாதை, சரிவுப் பாதை, நிறுத்தம், பேருந்து, இறங்கும் இடம் என்று சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் பயணம் இல்லை. பத்தில் ஆறு நிறுத்தங்கள் ஏறத் தகுந்தவை, பத்தில் மூன்று நடைகள் தாழ்தளம் என்று வைத்துக்கொண்டால் சராசரி போட்டு 45 சதவீதம் என்று எழுதக் கூடாது. ஏறும் இடமும் இறங்கும் இடமும் சரியாக இருக்க வேண்டும்: 0.6 × 0.6 × 0.3, அதாவது 11 சதவீதத்துக்கும் கீழே. சரிவுப் பாதைகளை அளக்க ஒரு டேப் போதும். 1 அடி உயரத்துக்குக் குறைந்தது 12 அடி நீளம் இருக்க வேண்டும். அதைவிடச் செங்குத்தானவற்றைச் சரிவுப் பாதையாக எண்ண வேண்டாம்.

ஒற்றை எண்ணில் சுருக்கும்போது

அதிகாரிகளுக்கும் பத்திரிகைகளுக்கும் ஒரே ஓர் எண் வேண்டும். கினி குறியீட்டை எடுத்துக்கொண்டு ஓடுவது வழக்கம்; பங்கீடு முழுச் சமமாக இருந்தால் அது 0, சமமின்மை கூடக் கூட 1-ஐ நெருங்கும். மெல்போர்ன் நகரத்துக்கு 2011-இல் வெளியான ஆய்வில், 70 சதவீத மக்களுக்கு மொத்தச் சேவையில் 19 சதவீதம்தான் கிடைக்கிறது, கினி 0.68 என்று வந்தது. கவனத்தை ஈர்க்க நல்ல எண்தான். ஆனால் கினிக்கு ஒரு குருட்டுத்தனம் உண்டு.

சம மக்கள்தொகை உள்ள ஐந்து பகுதிகளில் மணிக்கு 2, 4, 6, 10, 18 பேருந்து ஓடுகிறது என்போம். கினி 0.38. இதில் 18 பேருந்து உள்ள பகுதி பணக்காரர்களுடையது என்றாலும் 0.38, ஏழைகளுடையது என்றாலும் அதே 0.38. யாருக்குப் போகிறது என்பது அதற்குத் தெரியாது. கார் வைத்திருப்பவர்கள் வாழும் பகுதியில் பேருந்து குறைவாக ஓடுவது அநியாயமே அல்ல, ஆனால் கினி அதையும் சமமின்மையாகவே எண்ணும்.

மாற்று வழி எளிது. பகுதிகளைச் சேவை வரிசையில் அடுக்காமல், வருமான வரிசையில் ஏழையிலிருந்து அடுக்கி, கினிக்கான அதே சூத்திரத்தைப் போடுங்கள். ஏழைப் பகுதிக்கு 2, பணக்காரப் பகுதிக்கு 18 என்றால் +0.38. தலைகீழாக இருந்தால் −0.38. ஏழையிலிருந்து 4, 2, 10, 6, 18 என்று இருந்தால் +0.32. செறிவுக் குறியீடு என்று இதற்குப் பெயர். குறி எந்தப் பக்கம் என்பதே கதையைச் சொல்லிவிடும்.

இதோடு, அடிமட்டத்தில் எத்தனை பேர் என்பதையும் தருவது அவசியம். நீங்கள் முதலில் தாளில் எழுதிய வரம்புக்குக் கீழே எத்தனை பேர் இருக்கிறார்கள், சராசரியாக எவ்வளவு கீழே? குறியீடு நன்றாக இருந்தும் இருபதாயிரம் பேர் வரம்புக்குக் கீழே கிடக்கலாம். எங்களைக் கேட்டால் முதல் பக்கத்தில் இந்தத் தலைக்கணக்கு வரட்டும், குறியீடு பின்னிணைப்புக்குப் போகட்டும்.

திட்ட அறிக்கைக்குள் இருக்கும் சாய்வு

புதிய பாலம், புதிய ரயில் பாதை எதுவானாலும் அதன் அறிக்கையில் 'சேமிக்கப்படும் நேரத்தின் மதிப்பு' என்றொரு வரி இருக்கும். அதைத் தேடிப் பிடியுங்கள். கார் பயணியின் ஒரு மணி நேரத்துக்கு 200 ரூபாய், பேருந்துப் பயணியுடையதற்கு 50 ரூபாய் என்று போட்டிருந்தால், காரில் ஒருவருக்கு 10 நிமிடம் மிச்சமாவதும் பேருந்தில் ஒருவருக்கு 40 நிமிடம் மிச்சமாவதும் அந்த அறிக்கைக்கு ஒன்றே. இப்படிப்பட்ட கணக்கில் மேம்பாலம் ஜெயிப்பதில் வியப்பில்லை. எல்லோருக்கும் ஒரே மதிப்பைப் போட்டு மறுபடி ஓட்டுங்கள். பிரிட்டனில் வேலை நிமித்தம் அல்லாத பயணங்களுக்கு இப்படி நாடு முழுவதற்கும் ஒரே மதிப்பு போடுவதுதான் நடைமுறை. திட்டங்களின் வரிசை மாறுகிறதா என்று பாருங்கள்.

வரவுசெலவையும் இதே கண்ணால் பார்க்கலாம். சென்னை மாநகராட்சி 2014-இல் ஏற்ற மோட்டார் அல்லாத போக்குவரத்துக் கொள்கை, போக்குவரத்து நிதியில் குறைந்தது 60 சதவீதம் நடைக்கும் சைக்கிளுக்கும் என்று சொல்கிறது. ஒப்பந்தப் புள்ளிகளை வார்டு வாரியாகக் கூட்டி, நடைபாதை எங்கே அமைந்தது, எங்கே அமையவில்லை என்று மேலே செய்த குழுப் பிரிவோடு சேர்த்துப் பாருங்கள்.

களத்தில் சரிபார்ப்பு

அட்டவணை சொல்வதும் தெருவில் நடப்பதும் வேறு. ஒவ்வொரு குழுவின் பகுதியிலும் இரண்டு மூன்று நிறுத்தங்களைத் தேர்ந்தெடுத்து, வேலைநாள் காலை 7 முதல் 10 வரை இரண்டு பேர் நில்லுங்கள். ஒருவர் தட எண், போர்டு, வந்த நேரம் குறிக்கட்டும். மற்றவர் மூன்றே விஷயங்களைப் பார்க்கட்டும்: நின்றதா, எத்தனை பேர் ஏற முடியாமல் விடப்பட்டார்கள், படியில் எத்தனை பேர் தொங்கினார்கள். நிற்காமல் போன பேருந்து அட்டவணையில் சேவை, நிறுத்தத்தில் நிற்பவருக்கு வெறும் புகை. அட்டவணையில் 10, உண்மையில் ஏற முடிந்தவை 6 என்றால், 0.6 என்ற பெருக்கெண்ணை அந்தப் பகுதிக்குப் போட்டு எட்டும் கணக்கை மீண்டும் ஓட்டலாம். துல்லியமல்லதான், ஆனாலும் அட்டவணையை வேதவாக்காக எடுப்பதைவிட மேல்.

வீட்டுக் களஆய்வு செய்வதானால் குழுவுக்கு 100 வீடு என்பது அடிமட்டம். அதில் பிழை எல்லை ஏறத்தாழ ±10 சதவீதப் புள்ளி. ±5 வேண்டுமானால் 400 வீடு. ஒரே பிளாக்கில் பக்கத்துப் பக்கத்து வீடுகளாக எடுத்தால் பதில்கள் ஒன்றுபோலவே வரும், அப்போது எண்ணிக்கையை ஒன்றரை மடங்காவது கூட்ட வேண்டும். "குடும்பத் தலைவர் எப்படி வேலைக்குப் போகிறார்" என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்து வராதீர்கள். வீட்டில் 10 வயது கடந்த ஒவ்வொருவரின் நேற்றைய பயணமும் வேண்டும், நடந்து போனதும் சேர்த்து. பெண்களிடம் பெண்களே பேசுவது நல்லது. மாலை 6-க்குப் பிறகு வெளியே போவதைப் பற்றிய கேள்விக்கு அப்போதுதான் பதில் வரும். வரைபடம் வெளியிடும்போது வீட்டுப் புள்ளிகளைப் போடாமல் கட்டமாகவே காட்டுங்கள்.

திரும்பவும் ஓட்டுவது

ஒருமுறை அளந்தது ஒரு நாளின் புகைப்படம். புதுப் பாதை திறந்ததும், கட்டணம் மாறியதும், ஒரு தடம் நிறுத்தப்பட்டதும் அதே நிரலை, அதே நேர வரம்போடு, அதே கட்டங்களில் திரும்ப ஓட்டி முந்தையதைக் கழிக்க வேண்டும். மெட்ரோ வந்த பிறகு அதற்கு இணையாக ஓடிய பேருந்து நடைகள் குறைந்தனவா என்பதை இந்தக் கழித்தலில்தான் பிடிக்க முடியும். மொத்த வலையமைப்பில் எட்டும் இடங்கள் கூடியிருக்கும், சாதாரணக் கட்டண வலையமைப்பில் குறைந்திருக்கும். லாஸ் ஏஞ்சலஸில் 1994-இல் பேருந்துப் பயணிகள் நீதிமன்றம் போனது ஏறக்குறைய இதே மாதிரி முறையீட்டோடுதான். ரயிலுக்குப் பணம் போகிறது, பேருந்தில் கட்டணம் ஏறுகிறது, மாதச் சீட்டு நிறுத்தப்படுகிறது என்றார்கள். 1996-இல் ஏற்பட்ட உடன்பாட்டில் பேருந்து நெரிசலுக்கு எண்ணால் வரம்பு போடப்பட்டது.

ஒப்பிடும் இரண்டு நாட்களும் ஒரே வகையாக இருக்கட்டும். மே மாதத்தில் பள்ளி, கல்லூரி விடுமுறை, நடைகள் குறையும்; பொங்கல், தீபாவளி வாரங்களில் வண்டிகள் சிறப்புப் பேருந்துகளாகத் திருப்பிவிடப்படும். வடகிழக்குப் பருவமழை நாட்களில் நிறுத்தத்தில் நின்று எண்ணியதைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் தேங்கும் நாளில் எந்தப் பகுதிக்குப் பேருந்து முதலில் நின்றுபோகிறது, எங்கே கடைசியில் திரும்ப வருகிறது என்பது வேறொரு அட்டவணைக்குரியது. அதற்குத் தேவை இரண்டே நெடுவரிசைகள்: பகுதி, சேவை இல்லாத மணி நேரம்.